பதரும் படைக்கலமே

அறுவடை முடிந்த வத்தலக்குண்டுக் கழனிகளில், களத்துமேட்டில் நின்று நெல் தூற்றும் உழவனைக் காணாதார் நம்மில் இல்லை. முறத்தை உயர்த்துகிறான்; காற்றின் போக்கறிந்து சரிக்கிறான். மணி நேரே காலடியில் வீழ்கிறது. பதர் காற்றோடு போகிறது. வயிற்றுக்கு உதவாதது, விதைக்கு உதவாதது, விலைக்கும் போகாதது! ஆகவேதான் ஒருவனை இழித்துரைக்க எண்ணும்போது, 'பதரே!' என்று ஏசுகிறோம். அதற்கும் கீழான வசைச்சொல் தேடவேண்டியதில்லை என்று நம் முன்னோர் முடிவு கட்டிவிட்டனர்.

அந்தப் பதர், போர் விமானத்தைக் காக்கும் என்றால்?

2021ஆம் ஆண்டு ஆகஸ்ட் 19ஆம் நாள், இந்தியப் பாதுகாப்பு ஆராய்ச்சி வளர்ச்சி அமைப்பு ஓர் அறிவிப்பு வெளியிட்டது. ஜோத்பூரிலுள்ள பாதுகாப்பு ஆய்வுக்கூடம், புனேயிலுள்ள உயர் ஆற்றல் பொருள் ஆராய்ச்சிக் கூடத்தின் துணையோடு, பகைவரின் ரேடாரை ஏய்க்கும் 'சாஃப்' என்னும் பொருளையும், அதை அடைத்துச் சுடும் '118/ஐ' என்ற தோட்டாவையும் ஆக்கி முடித்தது. விமானப்படை அவற்றைச் சோதித்துப் பார்த்து, படையில் சேர்க்கும் பணியையும் தொடங்கிவிட்டது என்பது செய்தி. சாஃப் என்பது ஆங்கிலச் சொல். அதற்கு நேர்த் தமிழ், பதர்!

நாளேடுகள் அன்று அதைச் சில வரிகளில் சொல்லி நகர்ந்தன. நாம் அப்படி நகர்ந்துவிட முடியாது. அந்தப் பதருக்கு எண்பதாண்டு வரலாறு உண்டு. அதில் அறிவின் வெற்றி இருக்கிறது. அச்சத்தின் மடமை இருக்கிறது. ஒரு பெருநகரம் எரிந்த சாம்பலும் இருக்கிறது.

முதலில் ரேடார் என்னும் கண்ணைப் புரிந்துகொள்வோம். மலையடிவாரத்தில் வாழும் நமக்கு எதிரொலி புதிதன்று. கொடைக்கானல் மலைப்பாதையின் ஏதேனும் ஒரு வளைவில் நின்று கூவினால், எதிர்ப்பாறை நம் குரலை நமக்கே திருப்பித் தருகிறது. கூவியதற்கும் குரல் திரும்பியதற்கும் இடைப்பட்ட நேரத்தை அளந்தால், பாறை எவ்வளவு தொலைவு என்று கணக்கிட்டுவிடலாம். பள்ளிப் பிள்ளைகள் போடும் கணக்குத்தான். ரேடார் செய்வதும் அதுவே. குரலின் இடத்தில் வானொலி அலை. அது நொடிக்கு மூன்று லட்சம் கிலோமீட்டர் ஓடுவது. 15 கிலோமீட்டருக்கு அப்பால் பறக்கும் விமானத்தில் மோதித் திரும்ப, ஒரு நொடியில் பத்தாயிரத்தில் ஒரு பங்கு போதும். இருளும் முகிலும் அந்தக் கண்ணை மறைப்பதில்லை.

ஆனால் அந்தக் கண்ணுக்கு ஒரு குறை. திரும்பி வந்த ஒலியைத் தந்தது பாறையா, வேறொன்றா என்று எதிரொலி சொல்வதில்லை அல்லவா? ரேடார் திரையில் தோன்றும் ஒளிப்புள்ளிக்கும் முகம் கிடையாது. தன்னிடம் வந்து சேர்ந்ததை எல்லாம் நம்பும் கண் அது. நம்பிக்கை மட்டும் இருந்து, கேள்வி கேட்கும் திறன் இல்லாவிட்டால் என்ன நேரும்? எத்தன் வருவான்!

உலோகத் துண்டு ஒன்றை, ரேடார் அலையின் நீளத்தில் ஏறத்தாழப் பாதி நீளத்துக்கு வெட்டினால், அது தன் அளவுக்கு மிஞ்சிய எதிரொலியைத் தரும். ஊஞ்சலின் போக்கறிந்து தள்ளினால் சிறுவன் கையே அதனை வானுக்கு உயர்த்துகிறதே, அதைப் போன்றதுதான் இதுவும். அலையின் ஆட்டமும் துண்டின் நீளமும் ஒத்துப்போகின்றன. அத்தகைய துண்டுகளை ஆயிரக்கணக்கில் வானில் தூவினால், விமானமே இல்லாத இடத்தில் ரேடார் விமானம் காணும். மெய்யான விமானம் அந்தப் பொய்க் கூட்டத்தில் மறைந்துபோகும்.

உலோகத் தாளையும் குறுஅலையையும் ஒன்றுசேர்த்து விளையாடிய முன்னோடி ஒருவர் கல்கத்தாவில் இருந்தார் என்பதை இங்கே சொல்லிவிட வேண்டும். 1895ஆம் ஆண்டிலேயே வானொலி அலையைச் சுவருக்கு அப்பால் அனுப்பி மணி ஒலிக்கச் செய்து காட்டிய ஜகதீச சந்திர போஸ்தான் அவர். சில மில்லிமீட்டர் நீளமே உள்ள அலைகளைக்கொண்டு ஆய்ந்த அவர், ரயில் கால அட்டவணைப் புத்தகம் ஒன்றின் ஏடுகளுக்கிடையே வெள்ளீயத் தாள்களைச் செருகி, ஒரு திசையில் அதிரும் அலையை மட்டும் விட்டு மற்றதைத் தடுக்கும் கருவியாக்கினார். ரயில் நேரத்துக்கு வராவிட்டாலும் அட்டவணை வீண் போகவில்லை!

போஸ் கண்டது அறிவுக்கு. அதைப் போருக்குக் கொண்டுவந்தது 1942.

அந்த ஆண்டின் தொடக்கத்தில், இங்கிலாந்தின் தென்கரையில் ஸ்வானேஜ் என்னும் ஊரையொட்டி இயங்கிய ஆராய்ச்சி நிலையத்தில், ஜோன் கரன் என்ற இளம்பெண் பணிபுரிந்தார். வேல்ஸ் நாட்டு ஸ்வான்சீயில் பிறந்தவர். கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் இயற்பியல் கற்றுத் தேறியவர். தேறினார் என்கிறோம், பட்டம் பெற்றார் என்று சொல்லவில்லை, ஏன் தெரியுமா? பெண்களுக்கு முழுப் பட்டம் அளிப்பதில்லை என்பது அந்தப் பல்கலைக்கழகத்தின் விதி. 1948 வரையில் அந்த விதி நின்றது! வேதம் ஓதப் பெண்ணுக்கு உரிமை இல்லை என்ற நாட்டில் பிறந்த நாம், அறிவுக்கோட்டை என்று உலகம் போற்றும் இடத்திலும் அதே பூட்டு தொங்கியதைக் கண்டு வியக்க வேண்டியதில்லை. பூட்டு எங்கே தொங்கினாலும் அது பூட்டுத்தான்.

ரேடாரைப் பொய்ப் புள்ளிகளால் குழப்பலாம் என்ற எண்ணம் அதற்கு முன்னரே சிலருக்குத் தோன்றியிருந்தது. எண்ணம் வேறு, செய்துகாட்டுவது வேறு. எந்த வடிவம், எந்த அளவு, எந்தப் பொருள்? கரன் கம்பிகளை வைத்துப் பார்த்தார். தாள்களை வைத்துப் பார்த்தார். ஒவ்வொன்றும் விமானத்திலிருந்து தூவப்பட்டது. ரேடாரில் என்ன தெரிகிறது என்று அளக்கப்பட்டது. மெல்லிய அலுமினியத் தகடு ஒட்டிய காகிதக் கீற்றுகளே சிறந்தவை என்று முடிவு கிடைத்தது. ஜெர்மானியரின் 'வூர்ட்ஸ்பர்க்' ரேடாரின் அலைநீளம் ஏறத்தாழ 53 சென்டிமீட்டர். ஆகவே கீற்றின் நீளம் 27 சென்டிமீட்டர். அகலம் 2 சென்டிமீட்டர். தேடொளி பட்டு மின்னிக் காட்டிக்கொடுக்காதிருக்க ஒருபுறம் கருமை. 'ஜன்னல்' என்று அதற்கு மறைபெயர் இட்டனர்.

பொருள் ஆயிற்று, பயன் தெளிவாயிற்று. உடனே பயன்படுத்தினார்களா? இல்லை! ஓராண்டுக்கு மேல் பெட்டிக்குள் பூட்டி வைத்தார்கள். நாம் இதைத் தூவினால், மறுநாளே ஜெர்மானியர் கீற்றைப் பொறுக்கி எடுத்து, அதே வித்தையை நம் மீது ஏவுவார்களே என்ற அச்சம். ரேடாரின் தந்தை என்று பிரிட்டன் போற்றிய வாட்சன்-வாட் அவர்களே எதிர்த்தவர்களுள் ஒருவர். தாம் பெற்ற பிள்ளையின் கண்ணைக் குத்த அவருக்கு மனமில்லை போலும்.

எதிர்முகாமில் என்ன நடந்தது? இதைவிட வேடிக்கை. ஜெர்மானியரும் அதே 1942இல் அதே கீற்றைக் கண்டுபிடித்து, 'ட்யூப்பல்' என்று பெயரிட்டுச் சோதித்திருந்தனர். விமானப்படைத் தலைவர் கோயரிங் திடுக்கிட்டார். பிரிட்டன் அறிந்தால் என்ன ஆவது என்று நடுங்கி, ஆராய்ச்சியையே நிறுத்தச் சொன்னார். தாக்குதலுக்கு மாற்று மருந்து தேடவேண்டியவர், நோயின் பெயரையே உச்சரிக்காதே என்று ஆணையிட்டார்! பசிபிக் கடலிலோ, ஜப்பானியர் தாமாகவே இதைக் கண்டறிந்து, 'ஏமாற்றுக் காகிதம்' என்று தம் மொழியில் பெயர் சூட்டி, 1943இல் சாலமன் தீவுகளின் வானில் பயன்படுத்தினர்.

மூன்று நாடுகள். மூன்றிடத்திலும் ஒரே உண்மை. இயற்கை, கேட்டவர் அனைவர்க்கும் ஒரே விடையைத்தான் தருகிறது. அதனிடம் மந்திரமும் இல்லை, மறைநூலும் இல்லை. ஆயினும் லண்டனும் பெர்லினும், தாம் மட்டுமே அறிந்ததாக எண்ணிக்கொண்டு, இருவரும் அறிந்த ஒன்றை ஒருவரிடமிருந்து ஒருவர் மறைத்துக்கொண்டிருந்தனர். அந்த ஓராண்டில் சுட்டு வீழ்த்தப்பட்ட விமானிகள் ஆயிரக்கணக்கினர்.

1943 ஜூலையில் சர்ச்சில் இசைவு தந்தார். அம்மாதம் 24ஆம் நாள் இரவு, 791 விமானங்கள் ஹாம்பர்க் நகரை நோக்கிப் பறந்தன. நிமிடத்துக்கு ஒரு கட்டாகக் கீற்றுகள் கொட்டப்பட்டன. நாற்பது டன் எடை. ஒன்பது கோடிக்கு மேற்பட்ட கீற்றுகள்! கீழே ரேடார் திரைகளில், எண்ணிலடங்கா விமானங்கள் வருவதாகத் தோன்றிற்று. எங்கே சுடுவது, யாரைத் துரத்துவது என்று அறியாது பீரங்கிப் படையும் தேடொளிகளும் தடுமாறின. அன்று வீழ்ந்த விமானங்கள் 12 மட்டுமே. முன்பெல்லாம் இழப்பு இதைப்போலப் பலமடங்கு.

விமானிகள் பிழைத்தனர். நகரம்? மூன்றாம் நாள் இரவு மீண்டும் தாக்கினார்கள். தனித்தனியாக எரிந்த தீக்கள் ஒன்றுகூடிப் புயலாகச் சுழன்றன, தார்ச்சாலை உருகிற்று, பதுங்குகுழிகளில் இருந்தோர் மூச்சடைத்து மாண்டனர். அந்த ஒரு வாரத்தில் மடிந்தோர் 35,000க்கும் மேல். பெரும்பாலோர் படைவீரர் அல்லர். பதரின் பெருமையைப் பேச வந்த நாம் இதை விழுங்கிவிட்டுப் பேசமுடியுமா? கேடயம் என்று செய்த ஒன்று, எறிவாளின் கைக்குப் பாதுகாப்பாகவும் பயன்படும். கரன் செய்த கீற்று யாரையும் கொல்லவில்லை; கொல்லச் சென்றவர்களைக் காத்தது. இரண்டு வாக்கியமும் உண்மை.

ஏமாந்தவன் என்றென்றும் ஏமாந்தவனாகவே இருப்பதில்லை, அவன் சிந்திக்கத் தொடங்கினால்! ஹாம்பர்க்கில் அடிபட்ட ஜெர்மானியப் பொறியாளர், ரேடாருக்கு ஒரு கேள்வி கேட்கக் கற்றுக்கொடுத்தனர். 'நீ எங்கே இருக்கிறாய்' என்று மட்டும் கேட்டுவந்த ரேடார், 'எவ்வளவு விரைவாக ஓடுகிறாய்' என்றும் கேட்கலாயிற்று. விமானம் விரைந்து செல்லும். கீற்றோ கொட்டியவுடன் வேகம் இழந்து காற்றோடு மிதக்கும். வேகத்தை அளந்தால் மணி வேறு, பதர் வேறு! நம் களத்துமேட்டு உழவன் காற்றைக்கொண்டு செய்யும் வேலையை, அவர்கள் கணக்கைக்கொண்டு செய்தார்கள். 'வூர்ட்ஸ்லவுஸ்' என்பது அந்த இணைப்புக் கருவியின் பெயர்.

வேகத்தை எப்படி அளப்பது? நம்மை நோக்கி வரும் ரயிலின் ஊதல் ஒலி கூர்மையாகவும், கடந்து போனபின் தாழ்ந்தும் கேட்கிறதே, அதுதான் டாப்ளர் விளைவு. ஒலிக்குப் பொருந்துவது ஒளிக்கும் வானொலி அலைக்கும் பொருந்தும். இந்த விளைவைக்கொண்டு உலகப் புகழ்பெற்ற கண்டுபிடிப்பு ஒன்று நம் ஊருக்கு மேலேயே நிகழ்ந்தது என்பது நம் இளைஞரில் எத்தனை பேருக்குத் தெரியும்? வத்தலக்குண்டிலிருந்து மலைப்பாதை ஏறிச் சென்றால், கொடைக்கானலில் சூரிய ஆய்வுக்கூடம். அங்கே 1909 ஜனவரியில் ஜான் எவர்ஷெட் என்ற ஆங்கிலேயர், கதிரவன் மீதுள்ள கரும்புள்ளிகளின் ஒளியைப் பிரித்து ஆய்ந்தார். நிறமாலைக் கோடுகள் சற்று விலகி நிற்பதைக் கண்டார். அந்த நூலிழை விலகலிலிருந்து, கரும்புள்ளியின் விளிம்பில் வாயு வெளிநோக்கி ஓடுகிறது என்று கணித்தார். 'எவர்ஷெட் விளைவு' என்று இன்றும் உலகப் பாடநூல்கள் அதனை வழங்குகின்றன. கதிரவனைத் தேரேறி வரும் கடவுளென்று கும்பிட்டுக் கண்ணை மூடியவர்க்கு அது தெரியவில்லை. கண்ணைத் திறந்து, பதினைந்து கோடி கிலோமீட்டருக்கு அப்பாலுள்ள காற்றின் வேகத்தைக் கேட்டவருக்குத் தெரிந்தது. இன்றைய போர் விமானத்தின் ரேடார் கேட்பதும் அதே கேள்விதான்.

அப்படியானால் பதரின் காலம் முடிந்ததா? முடியவில்லை! டாப்ளர் ரேடார், தன்னை நோக்கி வரும் வேகத்தையும் தன்னைவிட்டு விலகும் வேகத்தையும் மட்டுமே அறியும். ஆகவே விமானி பதரைத் தூவிவிட்டு, ரேடாரின் பார்வைக்குக் குறுக்காகத் திரும்பிப் பறக்கிறான். குறுக்கே ஓடுபவன் நெருங்குவதுமில்லை, விலகுவதுமில்லை. ரேடாருக்கு அவனும் மிதக்கும் பதரும் ஒன்றாகத் தெரிகின்றனர். அந்தச் சில நொடிகளில் ஏவுகணை வழிதவறினால் போதும். கண் ஒரு கேள்வி கற்றால், எத்தன் ஒரு புதுப் பதில் கற்கிறான்.

கடலில் இந்தக் கதை வேறுவிதமாக ஓடிற்று. 1967 அக்டோபரில், சோவியத் நாட்டில் செய்த 'ஸ்டிக்ஸ்' ஏவுகணைகளால், எகிப்து இஸ்ரேலின் 'எய்லாட்' கப்பலை மூழ்கடித்தது. 1971 டிசம்பரில் அதே வகை ஏவுகணையை ஏந்திய நம் கடற்படைப் படகுகள் கராச்சியைத் தாக்கி, 'கைபர்' என்ற பாகிஸ்தான் போர்க்கப்பலை மூழ்கடித்தன. வெல்ல முடியாத கணை என்று பேசினார்கள். 1973 அக்டோபரில் சிரியாவின் லடாக்கியாவை ஒட்டிய கடலில், இஸ்ரேலியப் படகுகள் பதர் தூவியும் மின்னணுக் குழப்பம் செய்தும் போரிட்டன. ஒரு ஸ்டிக்ஸ் கூட அவர்களைத் தொடவில்லை.

1982, மே 25. ஃபாக்லந்துத் தீவுகளுக்கருகே, அர்ஜென்டினா விமானங்கள் பிரிட்டிஷ் கப்பற்கூட்டத்தின் மீது இரண்டு 'எக்சோசெட்' ஏவுகணைகளை விட்டன. 'ஆம்பஸ்கேட்' என்ற போர்க்கப்பல் பதர் தூவிற்று. ஏவுகணைகள் ஏமாந்து விலகின. விலகியவை எங்கே போயின? அண்மையில் நின்ற 'அட்லாண்டிக் கன்வேயர்' என்ற சரக்குக் கப்பலில் போய்த் தைத்தன. அது போருக்காக வாடகைக்கு அமர்த்தப்பட்ட வணிகக் கப்பல். அதனிடம் பதர் இல்லை. பன்னிருவர் மாண்டனர். ஏமாற்றப்பட்ட கணை காற்றில் கரைந்துவிடுவதில்லை. தற்காப்பு என்ற சொல்லை உச்சரிக்கும்போதெல்லாம் இந்தச் சரக்குக் கப்பல் நம் நினைவுக்கு வருகிறது.

இனி நம் நாட்டு நிலைக்கு வருவோம். வழியில் ஒரு முட்டுக்கட்டை; அதை அகற்றிவிட்டே செல்லவேண்டும். ரேடாரா, பகைவர் கண்ணை மறைக்கும் வித்தையா, இவையெல்லாம் நம் முனிவர்கள் அறியாதவையா என்று கேட்போர் இந்த நாட்டில் இன்றும் உண்டு. அவர்கள் காட்டும் ஏடு, பரத்துவாச முனிவர் பெயரில் உலவும் 'வைமானிக சாஸ்திரம்'. அதை 1918க்கும் 1923க்கும் இடையே, ஆனேக்கல் சுப்பராய சாஸ்திரி என்பவர் வாயால் சொல்ல, ஏட்டில் எழுதினர். ரைட் சகோதரர்கள் பறந்து காட்டியது 1903! 1974இல் பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தின் முகுந்தா முதலிய ஐவர், அந்நூலைப் பொறுமையாக ஆய்ந்தனர். மொழி பழமையானதன்று, வரைபடங்களில் உள்ளவை பறக்கக்கூடியவை அல்ல, எழுதியவருக்குப் பறத்தலின் அடிப்படையே விளங்கவில்லை என்று தெளிவாக எழுதினர். எழுதி என்ன பயன்? 2015 ஜனவரியில் மும்பையில் கூடிய இந்திய அறிவியல் மாநாட்டு மேடையிலேயே, பழங்கால விமானத்தில் ரேடார் இருந்தது என்று கட்டுரை படித்தனர்!

முகிலுக்குள் மறைந்து கணை விடுத்த இந்திரசித்தன் கதையை, கதையாகப் படிப்பதில் நமக்கு மறுப்பில்லை. ஆனால் போரில் விமானிக்கு வேண்டியது கதையன்று, தோட்டா. அது வெடிக்கவேண்டும், விரியவேண்டும், குறித்த நொடியில் குறித்த அளவு எதிரொலிக்கவேண்டும். சுலோகம் எதிரொலிப்பது மண்டபத்தில் மட்டுமே!

அந்தத் தோட்டாவைச் செய்வது எளிதன்று. கரன் காலத்துக் காகிதக் கீற்று இன்று இல்லை. உலகெங்கும் இன்று பெரிதும் வழங்குவது, அலுமினியம் பூசிய கண்ணாடி இழை. உருகிய கண்ணாடியை இழையாக இழுத்து, இழுக்கும் ஓட்டத்திலேயே உருகிய அலுமினியத்தின் ஊடே செலுத்துகின்றனர். இழையின் பருமன் 25 மைக்ரான் அளவு. தலைமயிரில் மூன்றிலொரு பங்கு. பின்னர் நறுக்குதல். மூன்று சென்டிமீட்டர் அலைக்கு ஏறத்தாழ ஒன்றரை சென்டிமீட்டர். வேறு அலைக்கு வேறு நீளம். எல்லாம் கலந்து ஒரே தோட்டாவில் பல லட்சம் இழைகள். அவை ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டால் பறவைக்கூடு போல உருண்டு விழும். ரேடார் அதைப் பொருட்படுத்தாது. ஆகவே வழுக்கும் பூச்சு. விமானத்திலிருந்து வெளிப்பட்டதும் கண்ணிமைக்கும் நேரத்தில் மேகமாக விரியவேண்டும். ஏனெனில் விமானம் அதற்குள் நூறு மீட்டர் போய்விடும். வெடிமருந்தின் அளவு கூடினால் இழை நொறுங்கும், குறைந்தால் விரியாது. ஜோத்பூரோடு புனே கைகோக்க நேர்ந்தது இதனால்தான்: ஒன்று பொருளறிந்தது, மற்றது வெடிப்பறிந்தது.

ஜோத்பூர் ஆய்வுக்கூடம் 1959இல், பாலைநிலப் போரின் இடர்களை ஆராய்வதற்கென்று தொடங்கப்பட்டது. மணலையும் வெயிலையும் அளந்த கூடம் அறுபதாண்டில் இங்கு வந்து சேர்ந்திருக்கிறது. அறிவிப்பில் நாம் அடிக்கோடிட்டுப் படித்த வரி ஒன்று: விமானப்படைக்கு ஆண்டுதோறும் வேண்டிய அளவை ஆக்க, செய்முறை தொழிற்சாலைகளிடம் ஒப்படைக்கப்பட்டுவிட்டது. ஆண்டுதோறும்! பதர், ஒருமுறை வாங்கி வைத்துக்கொள்ளும் பீரங்கியன்று, தூவினால் தீர்ந்துபோவது. பயிற்சிக்கும் வேண்டும், போருக்கும் வேண்டும். அதைப் பிறரிடம் வாங்கும் நாடு, போர் மூண்ட நாளில் விற்பவன் முகம் பார்த்து நிற்கும். அதைவிடப் பெரிய இடர் வேறொன்றுண்டு. இந்த நீளத்தில் இத்தனை இழை வேண்டும் என்று கேட்டு எழுதும்போதே, எந்த ரேடாருக்கு அஞ்சுகிறோம் என்பதையும் சேர்த்தே எழுதிக்கொடுத்துவிடுகிறோம். 27 சென்டிமீட்டர் கீற்று ஒன்றைப் பொறுக்கி எடுத்த ஜெர்மானியனுக்கு, தன் ரேடாரைப் பிரிட்டன் எவ்வளவு அறிந்திருக்கிறது என்பது அளவுகோல் வைத்த மாத்திரத்தில் விளங்கியிருக்குமே!

கடற்படைக்கும் இதே கூடம் செய்துள்ளது. 2021 ஏப்ரலில், குறுந்தொலைவு, இடைத்தொலைவு, நெடுந்தொலைவு என மூவகைப் பதர் ராக்கெட்டுகள் அரபிக்கடலில் சோதிக்கப்பட்டதாக அறிவித்தனர். 2024 ஜூன் 26ஆம் நாள், வேறொரு வகை இடைத்தொலைவு ராக்கெட் கடற்படையிடம் ஒப்படைக்கப்பட்டது. அதில் அடைத்திருப்பவை சில மைக்ரான் பருமனே உள்ள தனிவகை இழைகள். இவை ரேடாருக்கு ஆயிரம் பொய் காட்டுவதோடு நில்லாமல், குறுஅலையையே ஊடுருவ விடாது வானில் திரையிடுவன. சுட்டதும் பரந்து விரிந்து, ஏவுகணையின் கண்ணுக்கும் கப்பலுக்கும் இடையே அந்த மேகம் சிறிது நேரம் நிற்கும். கப்பலின் தளபதி அந்தச் சிறிது நேரத்துக்குள் இரண்டு கணக்குப் போடவேண்டும். காற்று எத்திசையில் அடிக்கிறது என்பது ஒன்று. விலகிப்போகும் கணையின் வழியில் வணிகக் கப்பலோ கட்டுமரமோ நிற்கிறதா என்பது மற்றொன்று.